கர்லாக்கட்டை: சிலம்பம் ஆடுபவர்கள் தொடக்கத்தில் செய்யும் தவறுகள்

சிலம்பம் கற்பவர்கள் கூடவே கர்லாக்கட்டையும் (பிடி சிறுத்து அடி பருத்த உடற்பயிற்சி மரக்கட்டை) சுற்றினால் தோளும் முன்கையும் இடுப்பும் சேர்ந்து உரம் பெறும். ஆனால் ஆசையாகத் தொடங்கி, ஒரே மாதத்தில் தோள்வலியோடு கட்டையை மூலையில் சாய்த்துவிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் பெரும்பாலோரைக் கெடுத்தது எடைதான்.

ஜிம்மில் 10 கிலோ டம்பெல் தூக்கிப் பழகியவருக்கு 2 கிலோ கட்டை விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். எடுத்த எடுப்பில் 5 கிலோ கேட்பார். டம்பெல்லின் எடை உள்ளங்கையைச் சுற்றியே இருக்கிறது. கர்லாக்கட்டையின் எடையோ பிடியைவிட்டுத் தள்ளி, பருத்த அடிப்பகுதியில் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கையை நீட்டி முழு வட்டமாகச் சுற்றும்போது அந்தக் கனம் தோளிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் தூரத்தில் ஓடுகிறது. வினாடிக்கு ஒரு சுற்று என்றால், 2 கிலோ கட்டை சுமார் 8 கிலோ எடைக்குச் சமமாக வெளியே இழுக்கும். கீழே இறங்கும்போது அதன் சொந்த எடையும் சேர்ந்து 10 கிலோ ஆகிவிடும். அத்தனை இழுப்பிலும் தோள் மூட்டைக் குழியில் நிறுத்திவைப்பதில் பெரும் பங்கு நான்கு சிறிய தசைகளுக்கு. தசை சில வாரங்களில் பழகிவிடும், அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் உறுதிப்படும்.

அதனால் 1 கிலோ அல்லது ஒன்றரைக் கிலோ கட்டையில் தொடங்குங்கள். இரண்டு மாதம் அதுவே போதும். 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குகளில் கட்டை சுற்றுவது பதக்கப் போட்டியாகவே இருந்தது. அங்கேயும் பார்த்தது சுற்றின் நேர்த்தியைத்தான், கட்டையின் கனத்தை அல்ல.

அடுத்தது, சிலம்பக்காரர்களுக்கென்றே உள்ள தவறு. கம்பு இலேசானது, மணிக்கட்டிலேயே சுழலும். அதே பழக்கத்தில் கட்டையையும் மணிக்கட்டால் திருப்பினால் நாலைந்து நாளில் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது, மூன்று வாரம் கம்பையே தொட முடியவில்லை. கட்டையைத் தோளும் இடுப்பும்தான் சுற்ற வேண்டும், கை அதைப் பிடித்திருந்தால் போதும். நெரித்துப் பிடிக்கவும் வேண்டாம். கட்டை கீழே வரும்போது கொஞ்சம் இறுக்கம், மேலே போகும்போது கொஞ்சம் தளர்வு.

கட்டை முதுகுக்குப் பின்னால் இறங்கும்போது ஒரு முறை கண்ணாடியில் பக்கவாட்டில் பாருங்கள். இடுப்பு வளைந்து நெஞ்சு முன்னால் தள்ளினால், தோள் பின்னால் போதிய அளவு அசையாத குறையை முதுகெலும்பு ஈடுகட்டுகிறது என்று பொருள். வயிற்றை இறுக்கி, மூச்சை விட்டபடியே கட்டையை இறக்குங்கள். அப்போதும் வளைந்தால் சுற்றைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், முதல் நாளே இரண்டு கட்டை வேண்டாம். ஒரு கையில் 10 சுற்று என்றால் மறு கையிலும் 10, எண்ணிச் செய்யுங்கள். பலவீனமான கையில் முதலில் தொடங்குவது நல்லது. வியர்த்த கையோடு சுற்றாதீர்கள். கையோடு கட்டையை நீட்டினால் எட்டும் தூரத்துக்குள் சுற்றி யாரும் இருக்கக் கூடாது, முக்கியமாகக் குழந்தைகள்.

சிலம்பமும் கட்டையும் ஒரே நாளில் என்றால் சிலம்பத்தை முதலில் முடித்துவிடுங்கள். களைத்த தோளோடு கம்பு வீசினால் வீச்சும் தடுப்பும் பிசகும், எதிரே ஆடுபவருக்கு அடி விழும்.