பெண் குரல் பழகுகிறீர்களா? வளவில் நின்று ரெக்கார்ட் செய்யாதீர்கள்

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்கு வரும் போன் ஆர்டர்களை எழுதிக்கொள்வது என் வேலை. நேரில் வருகிறவர்கள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போனில் மட்டும், "தம்பி, தேன்குழல் ரெண்டு கிலோ, சீப்புச்சீடை ஒரு கிலோ எழுதிக்கங்க" என்பார்கள். அந்தத் 'தம்பி' போக வேண்டும் என்றுதான் குரல் பழக ஆரம்பித்தேன். இரண்டு வருடமாகிறது. என்னைப் போன்ற திருநங்கைகள் நாலைந்து பேர் ரெக்கார்டிங்குகளை எங்களுக்குள் அனுப்பி, கேட்டு, திருத்திக்கொள்கிறோம். நாங்கள் தவறிய இடங்களைப் புதிதாகத் தொடங்கும் தங்கச்சிகளுக்குச் சொல்லிவிட்டால், அவர்களுக்காவது சில மாதங்கள் மிச்சமாகும்.

ஹார்மோன் மாத்திரை எடுத்தால் குரலும் தானாக மாறிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். பருவ வயதில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் தடிக்க வைத்த குரல் நாண்களை, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் மறுபடி மெலிய வைக்காது. பழக்கம்தான் வழி.

பழகத் தொடங்கியதும் எல்லோரும் விழும் குழி, சுருதியை மட்டும் ஏற்றுவது. சுருதியை எண்ணாகக் காட்டும் ஒரு டியூனர் ஆப்பைப் போனில் போட்டுக்கொண்டு அந்த எண்ணைத் துரத்துவோம். ஆண்களின் பேச்சுக்குரல் பெரும்பாலும் 100 முதல் 120 ஹெர்ட்ஸ், பெண்களுக்கு 200 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் 150, 170 என்ற இடைப்பட்ட இடத்தில் இரு பாலாரும் பேசுகிறார்கள். நம் ஊர் ஆச்சிமார்களையே நினைத்துப் பாருங்கள். எழுபது வயது ஆச்சி முகப்பில் உட்கார்ந்து கனத்த குரலில் "யாரப்பா அது?" என்று கேட்டால், தெருவில் போகிற யாரும் அதை ஆண் குரல் என்று நினைப்பதில்லை. சுருதியைத் தாண்டி வேறு ஏதோ அந்தக் குரலைப் பெண் குரலாகக் காட்டுகிறது.

அது என்ன என்று எனக்குப் புரிந்தது குழாயடியில். காலிக் குடத்தில் தண்ணீர் விழும்போது சத்தம் கனமாக இருக்கும். நிறைய நிறைய, உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, சத்தம் மெலிந்துகொண்டே வரும். நம் தொண்டையும் வாயும் அப்படி ஒரு குடம்தான். ஆண் தொண்டையில் குரல்வளை கீழே இருப்பதால் குடம் பெரியது. அதைச் சின்னதாக்கிப் பழகுவதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. முதலில் பெரிய நாய் போல வாயைத் திறந்து மூச்சு வாங்குங்கள், அப்புறம் நாய்க்குட்டி போல. குரல் வேண்டாம், வெறும் மூச்சு போதும். உள்ளே இடம் சுருங்குவது உங்களுக்கே தெரியும். அந்த நிலையில் 'ஈ' சொல்லிப் பாருங்கள், பிறகு 'ஏ', கடைசியாக 'ஆ'. 'ஆ' வரும்போது குடம் மறுபடி பெரிதாகிவிடும். அங்கேதான் நிறைய நாள் நிற்க வேண்டியிருக்கும்.

இதை விட்டுவிட்டுச் சுருதியை மட்டும் ஏற்றினால் கீச்சென்ற கள்ளக்குரல்தான் வரும். அரை நிமிடம் பேசலாம். ஒரு ஆர்டர் முழுக்க எடுக்க முடியாது.

வலியைப் பொறுத்துக்கொள்வது பயிற்சி ஆகாது. நான் ஆரம்பத்தில் கடை மூடிய பிறகு ஒரே மூச்சாக ஒன்றரை மணி நேரம் பழகி, மறுநாள் கரகரத்த தொண்டையோடு போன் எடுத்திருக்கிறேன். பத்துப் பதினைந்து நிமிடமாக நாளில் இரண்டு மூன்று தடவை பழகினால் போதும். தொண்டை இறுகினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசுவது ஓய்வு இல்லை, அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான். கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இனி ரெக்கார்டிங். என் முதல் நல்ல ரெக்கார்டிங்கை ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், நின்று எடுத்தேன். கேட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு மென்மையாக இருந்தது. அது என் குரல் இல்லை, வீட்டின் குரல். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், வழவழவென்று சுண்ணாம்பு பூசிய சுவரும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பி, குறைகளை எல்லாம் மெழுகிவிடுகின்றன. மறுநாள் கடையிலிருந்து பேசியதைக் கேட்டால் வேறு ஆள். துணிமணி நிறைந்த சின்ன அறையில், மெத்தைப் பக்கம் திரும்பி உட்கார்ந்து எடுங்கள். போன் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே தூரம். இல்லாவிட்டால் மாறியது குரலா அறையா என்று யாருக்கும் தெரியாது. ப்ளூடூத் இயர்போன் மைக்கும் வேண்டாம், அது குரலை நசுக்கிவிடும்.

பத்துத் தடவை எடுத்து, நன்றாக வந்த ஒன்றை மட்டும் அனுப்புவதும் தவறு. நமக்கு உதவி தேவைப்படுவது மற்ற ஒன்பதில்தான். வாசித்துக் காட்டுவதோடும் நிறுத்தாதீர்கள். பத்திரிகை வாசிக்கும்போது எல்லாம் கட்டுக்குள் இருக்கும், பேச்சில்தான் நழுவும். "தேவகோட்டை ஒண்ணு குடுங்கண்ணே" என்று பஸ்ஸில் கேட்பதுபோல, அன்றாடம் வாயில் வரும் பேச்சை எடுங்கள். சிரிப்பும் இருமலும்கூட இருக்கட்டும். அவற்றில்தான் பழைய குரல் எட்டிப் பார்க்கும்.

கேட்டதும் அழித்துவிடத் தோன்றும். நம் குரலை நாம் மண்டை எலும்பு வழியாகவும் கேட்பதால், ரெக்கார்டிங்கில் அது எல்லோருக்குமே அந்நியமாகத்தான் ஒலிக்கும். அழிக்காமல் தேதி போட்டு வையுங்கள்.

அனுப்பும்போது "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டால் "சூப்பர்டி" என்றுதான் பதில் வரும். அன்பில் சொல்வது, ஆனால் அதை வைத்து எதையும் திருத்த முடியாது. "வாக்கியம் முடியும்போது குரல் இறங்குகிறதா?", "எந்த இடத்தில் கனமாகிறது?" என்று கேளுங்கள். கேட்கிறவர்களும் நொடியைக் குறித்துச் சொல்ல வேண்டும். "பொம்பள மாதிரி இல்ல" என்று மட்டும் சொன்னால் ஒருத்தி ஒரு மாதம் வாயே திறக்க மாட்டாள். "பதினோராவது நொடியில், 'போகணும்' என்ற இடத்தில் குரல் கனத்து நெஞ்சுக்குப் போய்விட்டது" என்று சொன்னால் அன்று மாலையே அந்தச் சொல்லைப் பழகுவாள்.

யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். நம் பக்கம் ஊர்கள் சின்னவை. பின்னால் அம்மா உங்கள் பழைய பெயரைக் கூப்பிடுவதோ, பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் கத்துவதோ பதிவாகியிருந்தால் நீங்கள் யாரென்று தெரிந்துவிடும். வீட்டில் இன்னும் சொல்லாதவர்களுக்கு அது ஆபத்து. பெரிய குரூப்பில் போடாமல், நம்பும் மூன்று பேருக்கு அனுப்புங்கள். வாட்ஸாப்பில் ஒரு முறை மட்டும் கேட்கும்படி அனுப்பும் வசதியும் இருக்கிறது. வந்ததை இன்னொருவருக்கு அனுப்புவதற்கு முன் பேசியவளிடம் கேளுங்கள், அது பாராட்டுக்காகவே இருந்தாலும்.

மூன்று பேரும் மூன்று குறை சொல்வார்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் அதே அறையில், அதே வாக்கியத்தை மறுபடி ரெக்கார்ட் செய்து, அதே மூன்று பேருக்கு அனுப்புங்கள்.