லீன் யூஎக்ஸ்: வேகத்தின் பெயரில் நடக்கும் தவறுகள்

சிங்கப்பூரில் செயலி வடிவமைக்கும் குழுக்களிடையே 'லீன்' என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. டொயோட்டா தொழிற்சாலைகளில் விரயத்தைக் குறைக்க உருவான சிந்தனை அது. அதைப் பயனர் அனுபவ வடிவமைப்புக்கு ('யூஎக்ஸ்') கொண்டுவந்ததுதான் லீன் யூஎக்ஸ். வடிவமைப்பில் மிகப் பெரிய விரயம், யாருக்கும் தேவைப்படாத ஒன்றை ஆறு மாதம் உழைத்துக் கட்டுவதுதான். சின்ன மாதிரி ஒன்றைச் செய்து பயனரிடம் காட்டினால், அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பதே இந்த முறையின் பலன்.

ஆனால் அவசரம் என்று வந்தால் முதலில் வெட்டப்படுவது பயனரைச் சந்திக்கும் நேரம். அதை வெட்டிவிட்டால் இந்த முறையில் மிச்சம் எதுவும் இல்லை.

'ஐந்து பேரிடம் சோதித்தால் போதும்' என்பார்கள். பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது அது. ஒரு பயனர் சிக்கல்களில் சராசரியாக 31 சதவீதத்தைக் காட்டிக்கொடுத்தால், ஐந்து பேர் சுமார் 85 சதவீதத்தைக் காட்டிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அவரே இன்னும் இரண்டு விஷயங்கள் சொன்னார். அவற்றை யாரும் நினைவில் வைப்பதில்லை. பதினைந்து பேர் கிடைத்தால் ஐந்தைந்து பேராக மூன்று சுற்று வைத்து, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் திருத்த வேண்டும். பயனர்கள் வெவ்வேறு வகையினராக இருந்தால் ஒவ்வொரு வகையினரிடமும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஊருக்குப் பணம் அனுப்பும் செயலியை எடுத்துக்கொள்வோம். துவாஸ் விடுதியில் தங்கியிருக்கும் ஊழியர், ஈசூனில் இருக்கும் ஓய்வுபெற்ற பாட்டி, ராஃபிள்ஸ் பிளேசில் வேலை பார்க்கும் இளைஞர், மூவருமே அதைப் பயன்படுத்தலாம். பக்கத்து மேசைச் சக ஊழியர்கள் ஐந்து பேரிடம் காட்டினால் மூன்றாமவரைப் பற்றி மட்டும்தான் தெரியவரும்.

கேட்கிற விதத்திலும் தவறு நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போய், "அண்ணே, இந்தத் திரை பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு தம்பி" என்றுதான் பதில் வரும். முகத்துக்கு நேரே குறை சொல்ல நம் ஆட்களுக்கு மனம் வராது. அதற்குப் பதிலாகக் கைப்பேசியைக் கொடுத்து, "அம்மாவுக்கு 200 வெள்ளி அனுப்புங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். கட்டணம் எவ்வளவு என்று தெரியும்வரை விரல் பொத்தானைத் தொடாமல் நிற்கும். ஊரில் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்று கண்கள் மேலும் கீழும் தேடும். அந்தத் தயக்கம்தான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

'எம்விபி' என்பது ஒரு யோசனை சரியா என்று பார்க்க உதவும் மிகச் சிறிய மாதிரி. அதை அரைகுறையாகச் செய்து வெளியே விடுவது என்று நினைப்பது இன்னொரு தவறு. ஒரு தடவை காசு நடுவில் மாட்டிக்கொண்டால் அந்த அண்ணன் திரும்பி வரமாட்டார். அறையில் கூட இருப்பவர்களிடமும் சொல்லிவிடுவார். தாளில் வரைந்த திரைகளோ, ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் இணைத்த நாலு படங்களோ ஆரம்பத்தில் போதும். உண்மையான பணம் அப்புறம் வரட்டும்.

சோதிக்கும் முன் ஒரு கருதுகோளை, அதாவது சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகத்தை, எழுத வேண்டும். 'பயனர் அனுபவம் மேம்படும்' என்று எழுதுவது கருதுகோள் ஆகாது. 'கட்டணத்தை முதல் திரையிலேயே காட்டினால் பாதியில் விட்டுப்போகிறவர்கள் குறைவார்கள். குறையாவிட்டால் இந்த யோசனையைக் கைவிடுகிறோம்' என்று எழுதுங்கள்.

ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத் தமிழைக் கடைசியில் ஒட்டுவதும் விரயம்தான். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் 'உறுதிப்படுத்தவும்' அடங்காது. வரிகளுக்கிடையே இடம் போதாவிட்டால் 'கீ'யின் மேல்சுழியும் 'மு'வின் அடிவளைவும் வெட்டுப்படும். முதல் மாதிரியிலேயே தமிழ்த் திரை இருந்தால் இதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

லீன் முறை ஆவணங்களைக் குறைக்கச் சொன்னால் சிலர் அறவே விட்டுவிடுகிறார்கள். எப்படிப்பட்டவரைச் சந்தித்தோம், எங்கே தடுமாறினார், என்ன மாற்றினோம் என்று மூன்று வரி எழுதினாலே அடுத்து வருபவருக்கு உதவும். அவருடைய பெயர் வேண்டாம்.

சோதனையின்போது யாரையும் அவருடைய சொந்த அடையாள அட்டை எண்ணையோ வேலை அனுமதி அட்டை எண்ணையோ தட்டச் சொல்லாதீர்கள். சட்டப்படி தேவைப்பட்டாலோ, ஒருவரின் அடையாளத்தைத் துல்லியமாக உறுதிசெய்தே ஆக வேண்டும் என்றாலோ தவிர, 2019 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்கள் அந்த எண்களைச் சேகரிக்கக் கூடாது. கற்பனைப் பெயரும் எண்ணும் அச்சடித்த அட்டை ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத் தட்டச் சொல்லுங்கள்.