பழைய தாளில் சமையல் குறிப்புப் புத்தகம்: எங்கே தவறு நடக்கிறது?

சமையல் குறிப்புப் புத்தகம் அலமாரியில் சும்மா கிடக்கப்போவதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஈரக் கையோடு புரட்டுவோம். எண்ணெய் தெறிக்கும், ஆவி அடிக்கும். இதை யோசிக்காமல், வீணாகாமல் இருந்தால் சரி என்று கைக்குக் கிடைத்த தாளையெல்லாம் சேர்த்துத் தைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

கடை பில்லின் பின்பக்கம் எழுதி ஒட்டுவதை நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலான பில்கள் சூடு பட்டால் கறுக்கும் ரசாயனம் பூசிய தாள். அடுப்படிக்கு ஆகவே ஆகாது. செய்தித்தாள் மஞ்சளாகி, மடித்த இடத்தில் ஒடியும். வழவழப்பான பத்திரிகைத் தாள் பார்க்க அழகுதான். ஆனால் நனைந்தால் அதன் பூச்சு இளகி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும்.

என் தேர்வு, ஒருபக்கம் மட்டும் அச்சான ஏ4 தாள். அச்சு உள்ளே போகும்படி நடுவில் மடியுங்கள். மடிப்பு புரட்டும் ஓரத்திலும், திறந்த ஓரங்கள் முதுகுப் பக்கத்திலும் வரட்டும். இருபுறமும் வெள்ளையாக, இரட்டைத் தடிமனில் உறுதியான பக்கம் கிடைக்கும். மடிக்கும் முன் அச்சைப் படித்துவிடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணோ மருத்துவ அறிக்கையோ இருந்தால் வேண்டாம். பூசண வாடை அடிக்கும் தாளையும் ஒதுக்குங்கள், பக்கத்துத் தாளுக்கும் பரவும்.

பேனாவைச் சோதிக்காமல் எழுதாதீர்கள். மைப்பேனா எழுத்து பெரும்பாலும் ஒரு சொட்டுத் தண்ணீரிலேயே ஓடிவிடும். பால்பாயின்ட் தண்ணீரைத் தாங்கும், எண்ணெயில் கசியலாம். துண்டுத் தாளில் ஒரு வரி எழுதி, காய்ந்ததும் தண்ணீர், எண்ணெய் இரண்டையும் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பாருங்கள். பென்சில் எழுத்து இரண்டிலும் கரையாது.

அட்டைக்கு, உள்ளே நெளிநெளியாக இருக்கும் பார்சல் பெட்டி வேண்டாம். அந்த இடுக்குகளில் பூச்சி குடியேறும். மெல்லிய அட்டைப் பெட்டியை வெட்டி இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். மாவுப் பசை ராமபாணப் பூச்சிக்குத் தீனி, அதனால் வெள்ளைப் பசை நல்லது. மெல்லிசாகத் தடவி, ராத்திரி முழுக்கக் கனம் வைத்தால் அட்டை வளையாது.

முதுகை இறுக்கித் தைத்தால் சமைக்கும்போது புத்தகம் தானாக மூடிக்கொள்ளும். இரண்டரை சென்டிமீட்டர் ஓரம் விட்டு, துளையிட்டு, பழைய கோப்பின் வளையங்களில் கோத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது, அம்மாவோ பாட்டியோ கைப்பட எழுதிய துண்டுச் சீட்டை செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுவது. டேப்பின் பசை நாளடைவில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும், அந்தக் கறையை எடுப்பது மிகக் கடினம். ஒட்டிவிட்டால் சீட்டின் பின்பக்கம் எழுதியிருப்பதும் போய்விடும். குறிப்பைப் புதிதாகப் படியெடுங்கள். மூலச் சீட்டைப் படம் எடுத்துவிட்டு, பழைய உறையைக் கடைசி அட்டையில் ஒட்டி, அதற்குள் பத்திரப்படுத்துங்கள்.

படியெடுக்கும்போது "ஒரு கப்", "கொஞ்சம்" என்று அப்படியே எழுதிவிடாதீர்கள். எழுதியவர் பயன்படுத்திய கப் இன்னும் வீட்டில் இருந்தால், அதில் எத்தனை மில்லி தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து முதல் பக்கத்தில் குறியுங்கள். "கொஞ்சம்" எவ்வளவு என்பதை, அவர் சமைக்கும்போது பக்கத்தில் நின்று, அவர் கையில் எடுத்ததை வாங்கி எடைபோட்டுத்தான் எழுத முடியும்.