மிஸ்ஸிங் அடிக்கிறதா? இன்ஜெக்டரை மாற்றும் முன்

ஊட்டிக்குப் போகும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பழைய பெட்ரோல் கார் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் விட்டுவிட்டு இழுத்தால், முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். அது சரி என்றால், சந்தேகப்படும் இன்ஜெக்டரை (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே அந்த சிலிண்டருக்கு மாறினால் கோளாறு இன்ஜெக்டரில்தான்.

கழற்றும் முன் பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். இல்லையென்றால் லைனில் நிற்கும் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும், சூடான இன்ஜினில் பட்டால் தீப்பிடிக்கலாம். இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரி நெகட்டிவையும் கழற்றிவிடுங்கள். ஊட்டிக் குளிருக்கு ஷெட் கதவைச் சாத்தத் தோன்றும், வேண்டவே வேண்டாம், பெட்ரோல் ஆவி உள்ளேயே தங்கிவிடும்.

இன்ஜெக்டரில் இருக்கும் பழைய ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) திரும்பப் போடாதீர்கள். புதியதில் ஒரு துளி இன்ஜின் ஆயில் தடவினால் கிழியாமல் உட்காரும். அப்புறம் எல்லாம் மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ஆன் செய்து கசிவு பாருங்கள்.