தூண் இல்லாத பெரிய ஹால்: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஹாலும் டைனிங்கும் ஒண்ணா இருக்கணும், நடுவுல தூணே வரக்கூடாது." புதுசாக வீடு கட்டுகிற பலர் இன்ஜினியரிடம் இப்போது கேட்பது இதைத்தான். தாராளமாகக் கட்டலாம். 20 அடி, 24 அடி அகலம் கான்கிரீட்டுக்கு எட்டாத ஒன்றல்ல. ஆனால் தூணை எடுத்துவிட்டால் அது தாங்கிய பாரத்தையும் மேலே குறுக்கே ஓடும் பீம்தான் சுமக்க வேண்டும்.

அந்தப் பீம் வெளியே தெரியக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பதுதான் பெரிய தவறு. உடனே மேஸ்திரி, "ஸ்லாபுக்குள்ளேயே கன்சீல்டு பீம் போட்டுரலாம் சார்" என்பார். 5, 6 அங்குல ஸ்லாபுக்குள் கம்பியை எவ்வளவு நெருக்கிக் கட்டினாலும் அது பீம் ஆகாது. வலுவைத் தருவது ஆழம். ஒரு மர ஸ்கேலைப் படுக்கவைத்து அழுத்தினால் வளைகிறது. விளிம்பு மேலே இருக்கும்படி பிடித்து அழுத்தினால் அசைவதில்லை. ஒவ்வோர் அடிக்கும் வரும் பாரமும் பீமின் அளவும் மாறாமல், தூணுக்குத் தூண் இடைவெளியை மட்டும் 12 அடியிலிருந்து 24 அடி ஆக்கினால், தொய்வு 16 மடங்காகும். ஸ்லாப் உடனே விழாது. மெல்லத் தொய்யும், சில வருஷங்களில் மேல்மாடி டைல்ஸ் இணைப்பு விலகும், சுவரில் குறுக்காக விரிசல் ஓடும், கதவு இறுகும். அதற்குப் பிறகு சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

இடைவெளியில் அடிக்கு ஓர் அங்குலம் பீமின் ஆழம் என்பது தோராயக் கணக்கு. சரியான அளவை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். 20 அடிக்கு 20 அங்குலம் என்றால், ஸ்லாப் 5 அங்குலம் போக 15 அங்குலம் கீழே தொங்கும். 10 அடி உயர ஹாலில் அது கண்ணை உறுத்தும், 11 அடியில் உறுத்தாது. இந்த முடிவை பிளான் போடும்போதே எடுத்துவிடுங்கள். ஹாலுக்கு மேலே மொட்டைமாடிதான் என்றால் பீமை மேல்பக்கமாகத் தூக்கியும் போடலாம்; மழைநீர் ஓட வழி மட்டும் விட வேண்டும்.

அடுத்தது மாடிச் சுவர். கீழே திறந்த ஹால், அதன் நடுவுக்கு நேர் மேலே மாடி பாத்ரூமின் 9 அங்குலச் செங்கல் சுவர். 10 அடி உயரச் சுவர் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் 400 கிலோவுக்கு மேல் கனக்கும். அடியில் பீம் இல்லாமல் அதை ஸ்லாபின் மேல் ஏற்றவே கூடாது. பீமின் நடுவிலிருந்து புதுத் தூண் எழுப்புவது அதைவிட ஆபத்து, நிலநடுக்கத்தின்போது முதலில் அடிவாங்குவது அந்த இடம்தான்.

தூணிலும் சிக்கனம் வேண்டாம். 9க்கு 9 அங்குலத் தூண் இன்னும் பல இடங்களில் நிற்கிறது. நிலநடுக்க விதியான ஐ.எஸ். 13920, 2016 பதிப்பில், தூணின் சிறிய பக்கமே 300 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 12 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது.

அப்புறம் முட்டு, அதாவது கான்கிரீட் இறுகும்வரை ஸ்லாபையும் பீமையும் கீழிருந்து தாங்கும் கம்பங்கள். சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்று பத்தாம் நாளே பிரிக்க வருவார்கள், விடாதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்திய விதி ஐ.எஸ். 456 படி, சாதாரண சிமென்ட்டில் 4.5 மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியுள்ள ஸ்லாபுக்கு 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியுள்ள பீமுக்கு 21 நாள் முட்டு நிற்க வேண்டும். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் இன்னும் சில நாள் கூடுதலாக விடுங்கள். பிரிக்கும்போது நடுவில் தொடங்கித் தூண் பக்கமாக, ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொல்லுங்கள். அன்று நீங்களும் சைட்டில் இருங்கள்.