முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் பைக்: வண்டியையும் உடம்பையும் தயார் செய்யும் முறை

திருநெல்வேலிச் சீமையில் பைக் இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வருகிறவருக்கும், சேரன்மகாதேவியில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கும் அதுதான் கால். ஆகவே முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் மருத்துவரிடம் தவறாமல் கேட்பது, "எத்தனை வாரத்தில் வண்டி எடுக்கலாம்?" என்பதாகும். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி, அதன் ஒரு பகுதியை மட்டும் நீக்கியவருக்குப் பெரும்பாலும் முதல் ஆறு வாரங்கள் குனிவது, திருகுவது, பாரம் தூக்குவது ஆகியவை விலக்கப்படும். திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைத்தவருக்கு எலும்பு கூடுவதற்கே மூன்று முதல் ஆறு மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால், எக்ஸ்ரே பார்த்த பிறகே மருத்துவர் அனுமதி தருவார். அந்த அனுமதி இல்லாமல் சாவியைத் தொடக்கூடாது. ஆனால் அனுமதி கிடைத்துவிட்டது என்பதாலேயே வண்டி தயார் என்றோ, கால் தயார் என்றோ ஆகிவிடாது. அவ்விரண்டையும் சோதிக்கும் முறையே இங்கே சொல்லப்படுகிறது.

ஓய்வுக் காலத்திலேயே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புக

மாதக்கணக்கில் நின்ற வண்டியை வேறொருவர் எடுத்துச் சென்று பழுது பார்த்துத் தருவதே சரி. பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். நீண்ட நாள் நின்றால் டேங்க்கின் உள்ளே துரு பிடிக்கவும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் நுண்துளைகள் அடைபடவும் வாய்ப்பு உண்டு. பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்பனையான வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை, மின்சாரத்தின் உதவியால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்தான். அவற்றுக்கு பேட்டரி அறவே செத்துவிட்டால் கிக்கரை உதைத்தும் பெரும்பாலும் பயன் இருக்காது.

பேட்டரியைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். முதுகு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்குக் கிக்கர் ஆகாது. ஒற்றைக் காலில் நின்று, இடுப்பைத் திருப்பி, உடல் எடையை ஒரே வீச்சில் இறக்குவது என்பது, செய்யாதே என்று மருத்துவர் சொன்ன அத்தனையும் சேர்ந்த ஒரு செயல். வண்டி ஓடாத நிலையில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டும் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றியும் நிற்கவில்லையென்றால் புதிதாக மாற்றிவிட வேண்டும். செல்ஃப் மோட்டார் ஒரே அழுத்தலில் இன்ஜினை எழுப்பாத வண்டி உங்களுக்கு இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

அடுத்தது ஷாக்கப்சர். முதுகுக்கும் சாலைக்கும் நடுவே நிற்பது இதுதான் என்பதால் செலவைப் பார்க்கக்கூடாத இடமும் இதுவே. சீட்டின் பின்புறத்தைக் கையால் பலமாக அமுக்கி விடச் சொல்லிப் பாருங்கள்: ஒரு முறை எழும்பி அடங்கினால் நல்லது, இரண்டு மூன்று முறை துள்ளினால் உள்ளே இருக்கும் ஆயில் போய்விட்டது, ஸ்பிரிங் மட்டுமே வேலை செய்கிறது. "வண்டி ஓடுதுல்லா அண்ணாச்சி, அப்புறம் எதுக்கு மாத்தணும்?" என்று மெக்கானிக் கேட்பார். ஓடுகிறதுதான், ஆனால் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராக இடுப்புக்கு வருகிறது. இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின் ஷாக்கப்சரின் அடியில் படிப்படியாக வெட்டு வைத்திருக்கும் வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங்கின் இறுக்கம் மாறும். பின்னால் ஆளையோ மூட்டையையோ ஏற்றுவதற்காகப் பலர் அதைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். தனியாக ஓட்டப்போகிற உங்களுக்கு மிக மென்மையான படியே போதும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருப்பது முக்கியம்.

முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான போர்க்கில் ஆயில் கசிந்த தடம் இருந்தால் ஆயில் சீலை மாற்றி, கம்பெனி சொன்ன வகை ஆயிலைச் சொன்ன அளவில் ஊற்ற வேண்டும். கையில் கிடைத்த கெட்டியான ஆயிலை ஊற்றுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் முன்பக்கம் கட்டை போல் இறுகி, அடி கையிலும் தோளிலும் ஏறும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு சிறு பிடிப்பு தென்பட்டால் ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் தேய்ந்துவிட்டது; அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பழைய டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். காற்றைப் பொறுத்தவரை, பங்சர் கடையில் தோராயமாக அடித்துவிடும் கூடுதல் காற்று டயரைக் கல்லாக்கிவிடுகிறது. வண்டியில் ஒட்டியிருக்கும் அல்லது கையேட்டில் உள்ள அளவை, ஒருவர் மட்டும் ஓட்டும்போதைக்கான அளவைப் பார்த்து, காலையில் டயர் சூடேறும் முன் மீட்டர் வைத்து அடிக்க வேண்டும். பிரேக், கிளட்ச் கேபிள், செயின் ஆகியவை வழக்கமான வேலைகள்தான். கிளட்ச் மட்டும் இரண்டு விரலால் இழுக்கும் அளவுக்கு இளகலாக இருக்கட்டும். இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் இந்த மாதங்களில் காலாவதியாகியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

உட்காரும் நிலை

வண்டியில் அமரும்போது முதுகு நிமிர்ந்து, முழங்கை சற்றே மடங்கி, இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். குனிந்து பிடிக்கும் ஹேண்டில்பார் உள்ள வண்டி வேண்டாம். ஹேண்டில்பாரை உயர்த்தினால், இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்து, ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டு இன்ஜின் வேகம் கூடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அமுங்கிப்போன சீட் நுரையைத் தையல் கடையில் மாற்றிக்கொள்ளலாம். அது சிறு செலவில் பெரிய பலன் தரும். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்து உட்காரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது.

கால்களை முன்னே நீட்டி அமரும் க்ரூசர் வகை வண்டிகள் சொகுசு என்று தோன்றும். உண்மையில் பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றி எடையைத் தாங்க அந்த நிலையில் இயலாது. அடி முழுவதும் இடுப்பெலும்பின் வழியே மேலே செல்லும். ஸ்கூட்டரிலும் இதே குறை இருக்கிறது. அதன் சிறிய சக்கரம் பள்ளத்தில் ஆழமாக விழுவதும் கூடச் சேர்கிறது. எனினும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி இறங்கலாம், கியர் மாற்ற வேண்டியதில்லை என்பதால், கால் பலவீனம் உள்ளவருக்கு நல்ல சாலையில் ஸ்கூட்டரே பொருத்தம். ஏறி அமர்வதும் எளிதாக இருக்க வேண்டும், சக்கரமும் பெரிதாக இருக்க வேண்டும் என்று இரண்டையும் கேட்பவருக்கு, நம் ஊர்ப் பால்காரர்கள் ஓட்டும் டிவிஎஸ் எக்ஸ்எல் நினைவுக்கு வந்தால் தவறில்லை.

கால் சொல்வதைக் கேட்டல்

கீழ் முதுகில் நசுங்கிய நரம்பு எதுவோ அதைப் பொறுத்துப் பாதத்தின் வலு குறைந்திருக்கும். கீழ் முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புகளில் எல்5 என்பது பாதத்தை மேலே தூக்குவது. எஸ்1 நரம்பு பாதத்தைக் கீழே அழுத்துவது. வீட்டுத் திண்ணையிலேயே சோதிக்கலாம்: சுவரோரமாகக் குதிகாலில் பத்து அடியும், நுனிக்காலில் பத்து அடியும் நடந்து பாருங்கள். இடது பாதம் எழவில்லையென்றால் கியர் சிக்கல். வலது பாதம் தளர்ந்தால் பின் பிரேக் சிக்கல், அது கூடுதல் ஆபத்து. அடுத்து, இடது காலில் மட்டும் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது வண்டியின் எடை சாய்வது அந்தக் காலின் மீதுதான். 100 சிசி வண்டியே ஏறத்தாழ 110 கிலோ இருக்கும், 350 சிசி புல்லட் என்றால் 190 கிலோவைத் தொடும்.

இடது பாதம் மட்டும் எழவில்லை, மற்றதெல்லாம் நலம் என்றால், முன்னும் பின்னும் மிதி உள்ள கியர் லீவரைப் பொருத்திக்கொள்ளலாம். பெருவிரலால் லீவரைத் தூக்க வேண்டிய இடத்தில் குதிகாலால் அழுத்தினால் போதும். இதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ வேறெங்கோ பிசியோதெரபிக்குப் போகும்போது, "பைக் ஓட்ட வேண்டும், அதற்கேற்ற பயிற்சி கொடுங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்வது நல்லது; இல்லையேல் பொதுவான பயிற்சிகளோடு நின்றுவிடும்.

மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். ப்ரீகாபாலின், காபாபென்டின், டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் தூக்கத்தையும் மந்தத்தையும் தரும். அவற்றை உட்கொள்ளும் காலத்தில் வண்டி எடுக்கலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். வண்டி ஓட்டும் ஆசையில் தாமாகவே சட்டென்று நிறுத்துவதும் தவறு.

இவை தேறிய பிறகு, அரை மணி நேரம் நடக்கவும், அரை மணி நேரம் நாற்காலியில் வலியின்றி அமரவும் முடிந்தால், ஓடாத வண்டியில் ஒத்திகை பார்க்கலாம். ஒருவர் பிடித்துக்கொள்ள, ஏறி அமர்ந்து, பிரேக்கைச் சட்டென்று அழுத்தி, கியர் மாற்றி, திரும்பிப் பார்த்து, இறங்குங்கள். எலும்பு இணைப்புச் செய்தவருக்கு இடுப்பு முன்போல் திரும்பாது; ஆகவே கழற்றி வீட்டில் போட்டிருக்கும் கண்ணாடிகளை இரு பக்கமும் மாட்டியே ஆக வேண்டும். பின்னால் உயர்ந்த கேரியரோ பெட்டியோ இருந்தால் கழற்றிவிடுங்கள். காலைத் தூக்கிப் போடும்போது அவை இடுப்பைத் திருக வைக்கும். சென்டர் ஸ்டாண்டு போடும் வேலையை வீட்டில் உள்ள இளைஞர்களிடம் விட்டுவிடுங்கள். வண்டி சாய்ந்து விழுந்தால் விழட்டும். தாங்கிப் பிடிக்கவும் கூடாது, தூக்கவும் கூடாது. தெருவில் யாரையாவது கூப்பிட்டால் வருவார்கள்.

முதல் பயணங்கள்

விடியற்காலையில், போக்குவரத்துக் குறைந்த சமதளச் சாலையில், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பாளையங்கோட்டையின் அகலமான வீதிகள் இதற்கு ஏற்றவை. கொக்கிரகுளத்துச் சுலோச்சன முதலியார் பாலமும் ஜங்‌ஷன் பகுதியும் நெரிசல் நேரத்தில் வேண்டாம். கிளட்சும் பிரேக்குமாக நின்று நின்று நகர்வதில் இடுப்பு சீக்கிரம் களைத்துவிடும். வேகத்தடையை நேராக ஏறுங்கள், குறுக்காக ஏறினால் உடல் பக்கவாட்டில் உலுக்கப்படும். முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, சக்கரம் ஏறும் நொடியில் பிரேக்கை விட்டு, முழங்காலால் டேங்க்கை அணைத்து, எடையில் ஒரு பகுதியைப் பாதத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிரேக்கைப் பிடித்தபடியே ஏறினால் போர்க் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அடியைத் தாங்க அதனிடம் இடம் மிச்சம் இராது.

கன்னியாகுமரி செல்லும் நான்குவழிச் சாலை மழமழவென்று இருக்கிறதே என்று நாங்குநேரிக்குத் தெற்கே அவசரப்பட்டுப் போய்விட வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வரை, காற்றாலைகள் நிற்கும் அந்தப் பகுதியில், பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். அதை எதிர்த்து நேராக ஓட்டுவது இடுப்புத் தசைகளுக்குக் கடும் வேலை. அதைவிடச் சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் செல்லும் சாலையைப் படிப்படியாக நீட்டிக்கொண்டு போகலாம்: முதலில் பேட்டை வரை, பிறகு சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள சேரன்மகாதேவி வரை. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் கதிரையும் வைக்கோலையும் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும் சாலையில் பள்ளத்தின் ஆழம் தெரியாது என்பதால் அந்த நாள்களில் பேருந்தே மேல்.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இறங்கி, ஒரு டீக்கடையைச் சுற்றியாவது நடந்துவிட்டு ஏறுங்கள். இடுப்பில் களைப்பு இருப்பது இயல்பு. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ மரத்தாலோ அன்றைய பயணம் முடிந்தது, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீடு திரும்புங்கள். தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்புப் பகுதியும் மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமையோ கட்டுப்பாடின்மையோ, பாதம் திடீரென்று தொங்குதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் மறுநாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இடுப்பு பெல்ட் மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டுமே. அது விபத்தில் காப்பாற்றும் கவசம் அன்று. ஹெல்மெட்டுக்குக் கழுத்து வலியைச் சாக்குச் சொல்லவும் இடமில்லை.

தாமே ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்கள் இந்தக் கட்டத்தில் பொறுமை இழப்பார்கள். பிளக், ஏர் ஃபில்டர், பேட்டரி முனைகள் போன்ற, நிமிர்ந்து நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ செய்யக்கூடிய வேலைகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். செயின் சுத்தம் செய்யக் குந்தி உட்காராமல், சாக்கை மடித்துப் போட்டு ஒரு முழங்காலை ஊன்றி, முதுகை நேராக வைத்துச் செய்ய வேண்டும். துருவேறிய நட்டை மூச்சைப் பிடித்து வெட்டி இழுப்பதும், சக்கரத்தைக் கழற்றித் தூக்குவதும் மெக்கானிக்கின் வேலையாகவே இருக்கட்டும்.

பின்னால் ஆள் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. தனியாக ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுநாள் காலை வலியின்றி எழ முடிகிற நிலை வந்த பிறகு, முதலில் எடை குறைந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு அருகில் உள்ள தெருவரை போய் வாருங்கள். அன்று ஷாக்கப்சரின் படியையும் பின் டயரின் காற்றையும் இருவருக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பால் கேன் ஆகியவற்றுக்கு, அவற்றைத் தூக்கி வைப்பதற்கும் சேர்த்து, மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.