பிரிட்டனில் பிசியோதெரபி வேலை: உதவியாளராகச் சேருமுன் படியுங்கள்

“அக்கா, முதலில் உதவியாளராக உள்ளே நுழைந்துவிட்டால், ஓராண்டில் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிடலாம் அல்லவா?”

பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் புதிதாக வந்திறங்கும் தம்பி தங்கைகள் அத்தனை பேரும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்த பெண்ணும் கேட்டாள். ஆக முடியாது என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு யாராவது எனக்கு இப்படி முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால், நான் 16 மாதங்களை இழந்திருக்க மாட்டேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அலுவல் சங்கதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ‘பிசியோதெரபிஸ்ட்’ என்பது சட்டம் காக்கும் பெயர். எச்.சி.பி.சி. என்ற பதிவு மன்றத்தின் பட்டியலில் இடம்பெறாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அங்கே தனி விண்ணப்பம் இருக்கிறது. அதை ஊரிலிருந்தே போடலாம். இங்கே வந்துதான் போட வேண்டும் என்றில்லை. பாடத்திட்ட விவரம், கல்லூரியின் உறுதிச் சான்று, வேலை அனுபவச் சான்று, ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையாத மதிப்பெண் ஆகியவை வேண்டும். சி.எஸ்.பி. என்பது 1894இல் தொடங்கிய நம் தொழிலின் சங்கம். சேர்வது கட்டாயம் இல்லை என்றாலும் தொழில் காப்பீடும் சங்கத்தின் துணையும் கிடைக்கும், சேர்ந்துவிடுங்கள்.

எம்.எஸ்சி. பற்றி ஒரு வார்த்தை. பதிவுக்கு வழிசெய்யும் எம்.எஸ்சி. வேறு, ‘அட்வான்ஸ்டு’ என்றோ ‘ஸ்போர்ட்ஸ்’ என்றோ பெயர் சூட்டிக்கொண்டு வரும் எம்.எஸ்சி. வேறு. முதல் வகை, வேறு பாடத்தில் பட்டம் பெற்றுவிட்டு பிசியோதெரபிக்கு வருபவர்களுக்கானது. நமக்கு ஏஜென்ட்கள் பெரும்பாலும் விற்பது இரண்டாவது வகை. அதில் அறிவு வளரும், மறுக்கவில்லை. பதிவு வராது. படித்து முடித்தாலும் நம் பி.பி.டி.யை வைத்து வெளிநாட்டு விண்ணப்பம்தான் போட வேண்டும். அந்த விண்ணப்பத்தை எம்.எஸ்சி. இல்லாமலேயே போட்டிருக்கலாம் என்பது, அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனி என் கதை. 2022 செப்டம்பரில் வந்தேன். மறு ஆண்டு படிப்பு முடிந்து, படித்து முடித்தவர்கள் இங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான 2 ஆண்டு கிராஜுவேட் விசா கிடைத்தது. (2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதங்களாகக் குறைகிறது. உங்களுக்கு என்னைவிடவும் நேரம் குறைவு.) 2023 டிசம்பரில் ஒரு மருத்துவமனையில் பேண்ட் 3 (மூன்றாம் சம்பளப் படி) உதவியாளர் வேலை. மேலாளர் நல்லவர். “உள்ளே வந்துவிடுங்கள், பதிவெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். நம் காதில் அது எப்படி விழும்? ஊரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தால், நல்ல பெயர் எடுத்தால், மூன்றாம் ஆண்டில் சீனியர் என்பார்கள், பிறகு துறைப் பொறுப்பைக் கொடுப்பார்கள். தலைமை மருத்துவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். கடன் தவணை கழுத்தை நெரித்தது. எச்.சி.பி.சி. கட்டணத்தை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன்.

என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையில் 2004 முதல், டாக்டர்கள், பல் மருத்துவர்கள், உயர் நிர்வாகிகள் தவிர மற்ற எல்லோரும் ‘பேண்ட்’ கணக்கில்தான் வேலை செய்கிறார்கள். உதவியாளர் பேண்ட் 3, கொஞ்சம் கூடுதல் பொறுப்பு என்றால் பேண்ட் 4. புதிதாகப் பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்ட் பேண்ட் 5. இங்கிலாந்தில் 2025-26 அட்டவணைப்படி பேண்ட் 3 ஆண்டுக்கு 24,937 பவுண்டில் தொடங்குகிறது. பேண்ட் 5 தொடக்கம் 31,049. பேண்ட் 6 தொடக்கம் 38,682. எண்கள் வரிசையாக இருப்பதால் ஏணிபோலத் தெரிகிறது. ஒரு பேண்டுக்குள் ஆண்டுகள் கூடினால் சம்பளம் உயரும், உண்மைதான். பேண்ட் 5இல் 2 ஆண்டு முடிந்ததும் ஒரு உயர்வு, 4 ஆண்டு முடிந்ததும் ஒரு உயர்வு. ஆனால் ஒரு பேண்டிலிருந்து அடுத்ததற்கு யாரும் உங்களைக் கைதூக்கி விடமாட்டார்கள். அது தனி வேலை, தனி விளம்பரம், தனி விண்ணப்பம், தனி நேர்காணல். நீங்கள் நிற்கும் அதே வார்டில் இடம் காலியானாலும், தெருவில் போகிறவரோடு வரிசையில் நின்றுதான் விண்ணப்பிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் மேலாளரிடம் போய் மெதுவாகக் கேட்டேன். அவர் நிஜமாகவே வியந்துபோனார். “விளம்பரம் வரும்போது விண்ணப்பியுங்கள், ஆனால் உங்களுக்கு இன்னும் பதிவு இல்லையே?” என்றார். அவர் என்னை ஏமாற்றவில்லை. அவர் சொன்ன ‘மெதுவாக’ என்பதற்கு அவர் ஊரில் ஒரு பொருள், என் ஊரில் ஒரு பொருள்.

விசா விஷயம் இன்னும் மோசம். பிசியோதெரபிஸ்ட் வேலைக்கு ஹெல்த் அண்ட் கேர் விசா உண்டு, வேலை தரும் மருத்துவமனை அதற்கு ஸ்பான்சராக நிற்கும். உதவியாளர் வேலைக்கு ஸ்பான்சர் கிடையாது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் கிராஜுவேட் விசா முடியும் நாளில் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

பணமும் நாளும் போனதைவிட எனக்கு வலித்தது வேறு. எலும்பு முறிவு வார்டில், இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. வாக்கர் பிடித்துப் பத்து மீட்டர் நடக்கவைக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. காலுறையைச் சரிசெய்யக் குனிந்தபோது இடது கெண்டைக்கால் வலதைவிட வீங்கியிருப்பதைப் பார்த்தேன். தொட்டால் சூடு. லேசாக அழுத்தியதும் பாட்டி என் தோளைப் பற்றிக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது, ரத்தக்கட்டாக இருக்கலாம். நடக்கவைக்கவில்லை. படுக்கவைத்துவிட்டு, அந்த வார்டின் பிசியோதெரபிஸ்டைக் கூப்பிட்டேன். அவளுக்கு 23 வயது. வந்தாள், பார்த்தாள், டாக்டரிடம் சொன்னாள், ஸ்கேன் ஆனது, ரத்தக்கட்டுதான். என்னை மனதாரப் பாராட்டினாள். குறிப்பேட்டில் மதிப்பீடு அவள் பெயரில் இருந்தது, அது முறையும்கூட. மதுரையில் மூன்று ஆண்டுகள் தனியாக ஒரு பிரிவையே பார்த்துக்கொண்டவள் நான். அன்று இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, “மேடம், முட்டி மடங்குது பாருங்க” என்று காட்டும் என் பழைய நோயாளிகளை நினைத்துக்கொண்டே வந்தேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நேர்காணலில் இதுதான் என்னைக் கவிழ்த்தது. “நீங்களாக எடுத்த ஒரு மருத்துவ முடிவைச் சொல்லுங்கள்” என்றார்கள். பிரிட்டனில் நான் சேர்த்துவைத்த அனுபவம் முழுவதும் மற்றவர் போட்ட திட்டத்தை நிறைவேற்றிய அனுபவம். பாட்டி கதையைச் சொன்னேன். “பிறகு என்ன செய்தீர்கள்?” என்றார்கள். “தெரிவித்தேன்” என்பதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை. உதவியாளர் வேலையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். அந்த உழைப்பில்லாமல் எந்த வார்டும் ஓடாது, இங்கத்திய பேச்சும் பழக்கமும் எனக்கு அங்கேதான் வந்தன. வயிற்றுப்பாட்டுக்குச் செய்யுங்கள். ஆனால் சேரும் நாளுக்கு முன்பே எச்.சி.பி.சி. விண்ணப்பம் போயிருக்க வேண்டும். நான் 2025 ஏப்ரலில்தான் போட்டேன். கல்லூரியின் உறுதிச் சான்று வர 11 வாரங்கள். பதிவு ஆகஸ்ட் கடைசியில் வந்தது. நவம்பர் 21 அன்று விசா முடிய இருந்தது.

அதற்குள் வேலைச் சந்தையும் மாறியிருந்தது. முன்பு பேண்ட் 5க்கு ஆள் கிடைக்காமல் அலைந்தார்கள் என்று அண்ணன்மார் சொன்ன கதையை நம்பி வராதீர்கள். இங்கேயே படித்து முடித்தவர்களே இடம் கிடைக்காமல் திணறுகிறார்கள். பல விளம்பரங்களில், போதுமான விண்ணப்பங்கள் வந்துவிட்டால் முன்கூட்டியே மூடிவிடுவோம் என்று ஒரு வரி இருக்கும். அதைச் சடங்கு வாசகம் என்று நினைக்காதீர்கள். ஒரு விளம்பரம் புதன்கிழமை காலை வந்தது, ஞாயிறு பொறுமையாக எழுதலாம் என்று வைத்தேன், வியாழன் இரவு மூடிவிட்டார்கள். என்.எச்.எஸ். ஜாப்ஸ், ட்ராக் இரண்டு தளங்களிலும் மின்னஞ்சல் அறிவிப்பு வைத்துக்கொண்டு, வந்த அன்றே போடுங்கள். விளம்பரத்தோடு, அந்த வேலைக்கு வேண்டிய தகுதிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதை ஒவ்வொரு வரியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சி எழுதுங்கள். அவர்கள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். தங்கப் பதக்கம், கல்லூரி முதலிடம் எல்லாம் அதில் கட்டம் இல்லாவிட்டால் கண்ணில் படாது.

முதல் நேர்காணலில் நான் செய்த இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். கீழ்முதுகு வலி உள்ளவருக்கு என்ன செய்வீர்கள் என்றார்கள். ஊரில் ஆயிரம் முறை செய்தது. கேள்வி முடிவதற்குள் ஐ.எஃப்.டி. என்ற மின்சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, பத்து சிட்டிங் என்று சொல்லிவிட்டேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்து எழுதினார்கள். இங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, கீழ்முதுகு வலிக்கு அந்த இரண்டையும் தர வேண்டாம் என்று 2016லேயே சொல்லிவிட்டது. அவர்கள் எதிர்பார்த்தது வேறு: முதலில் ஆபத்து அறிகுறிகளைக் கேட்பது, சிறுநீர் மலக் கட்டுப்பாடு, தொடையிடுக்கில் மரமரப்பு உண்டா என்று விசாரிப்பது, பிறகு அவருக்கு எது முக்கியம் என்று அவரிடமே கேட்பது, உடற்பயிற்சி, வேலைக்குத் திரும்பும் வழி. இங்கே டாக்டர் எழுதித்தந்த சிகிச்சையை நாம் செய்வதில்லை. மதிப்பீடும் முடிவும் நம்முடையவை, பொறுப்பும் நம்முடையது. ஐந்து நோயாளிகள் பட்டியலைக் கொடுத்து யாரை முதலில் பார்ப்பீர்கள் என்றும் கேட்பார்கள். மூச்சு மோசமாகிக்கொண்டிருப்பவரும், இன்று வீடு திரும்ப வேண்டியவரும் முன்னால் வர வேண்டும். அதற்கான காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சரியாக யோசித்ததற்கு மதிப்பெண் இல்லை.

மூன்றாவது நேர்காணலில் வேலை கிடைத்தது. ஸ்பான்சர் சான்று கைக்கு வந்தபோது விசாவில் 19 நாட்கள் மிச்சம். அம்மாவிடம் போனில் சொல்லும்போது எனக்குக் குரலே வரவில்லை.

கிடைத்த பிறகு பாதை தெளிவாகவே இருக்கிறது. முடிந்தவரை சுழற்சி முறை வேலையைத் தேடுங்கள். நுரையீரல், எலும்பு, நரம்பு, முதியோர், புறநோயாளி என்று நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு மாறும். ஒரே பிரிவில் நிலையாக இருப்பது வசதிதான், ஆனால் பேண்ட் 6 நேர்காணலில் பரந்த அனுபவம் பேசும். எங்கள் துறையில் இரண்டு ஆண்டுக்குள் பேண்ட் 6க்குப் போனவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் எல்லோரும் முதல் நாளிலிருந்தே, செய்தது, கற்றது, மாற்றியது என்று ஒரு கோப்பு வைத்திருந்தவர்கள். எச்.சி.பி.சி. பதிவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது 2.5 சதவீதம் பேரைக் குலுக்கலில் எடுத்து இதே ஆவணங்களைக் கேட்கிறார்கள், ஆகவே கோப்பு எப்படியும் வேண்டும். பேண்ட் 7, குடும்ப மருத்துவர் கிளினிக்கில் நோயாளியை முதலில் பார்க்கும் பணி, மருந்து எழுதும் தகுதி எல்லாம் அதற்குப் பிறகு வருகிறவை. ஊரில் நமக்கு இல்லாத உரிமைகள் அவை. நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

இன்னும் விமானம் ஏறாதவர்கள் இந்த வாரமே கல்லூரிக்குப் போங்கள். நான்கு ஆண்டுப் பாடத்திட்டம், ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் என்ற விவரத்தோடு. ஆறு மாத இன்டர்ன்ஷிப்பில் எந்தத் துறையில் எத்தனை வாரம், எத்தனை மணி என்ற பட்டியல். வெறும் ‘வெற்றிகரமாக முடித்தார்’ சான்றிதழ் போதாது, அதைத்தான் என்னிடம் திருப்பிக் கேட்டார்கள். எச்.சி.பி.சி.யிலிருந்து வரும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதப்போவது முதல்வரா, அலுவலக உதவியாளரா என்று கேட்டு, அவருடைய பெயரையும் அலுவலக மின்னஞ்சலையும் குறித்துக்கொள்ளுங்கள். என் கல்லூரியில் அந்த மின்னஞ்சல் இரண்டு மாதங்களாக யாரும் திறக்காத முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் என் தம்பி வேலைக்கு விடுப்புப் போட்டு, அலுவலக வாசலில் காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்து, அவர்கள் அனுப்பி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.